நிக்கான் 35 எஃப் 1.8: செங்கோட்டை வீடுகளுக்குள்ள மூணு வருசம் போட்டோ எடுத்த அனுபவம் (50, 85 பத்தியும் சொல்லிருக்கேன்)

நான் செங்கோட்டைக்காரி. பிள்ளைக்குப் பேர் வைக்கது, வளைகாப்பு, சடங்கு, அறுபதாம் கல்யாணம்னு வீட்டுக்குள்ள நடக்க விசேசத்துக்குத்தான் அதிகமா கேமரா தூக்கிட்டுப் போறேன். மண்டபக் கல்யாணம் எடுக்கதுக்கு ஊர்ல நெறைய அண்ணாச்சிமார் இருக்காங்க, ஆனா பிள்ளை பெத்தவ படுத்திருக்க ரூமுக்குள்ள ஒரு பொம்பளை வந்து எடுத்தா நல்லாருக்கும்னு நெனைக்க வீடு நெறைய இருக்கு, இந்தப் பக்கம் தென்காசி கடையநல்லூர் வரைக்கும், அந்தப் பக்கம் மலையேறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும் கூப்பிடுதாங்க. எனக்குன்னு ஸ்டுடியோ கெடையாது, அவங்க வீடுதான் ஸ்டுடியோ. அதனால இந்த ரிவ்யூவ வீட்டுக்குள்ள எடுக்கவங்களுக்காக மட்டும் எழுதுதேன், பீச்ல பார்க்ல எடுக்கவங்களுக்கு வேற கணக்கு.

எங்க ஊர் வீடு எப்பிடி இருக்கும்னு தெரிஞ்சாத்தான் நான் சொல்லுதது புரியும். தெருவுல வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டுன வீடு, வாசல்ல ஏறுனா தார்சா, அதுக்கு உள்ள பட்டாசல் (ஹால்), அதுக்கு உள்ள ஒரு ரூம், அப்புறம் அடுக்களை, எல்லாம் ஒரே கோட்டுல ரயில் பெட்டி மாதிரி போகும், ரெண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோட சேந்தது, அதனால சன்னல்னு இருந்தா முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு அவ்வளவுதான். இதுல ஜூன் மாசம் சாரல் ஆரம்பிச்சிருச்சின்னா ஆகஸ்ட் வரைக்கும் மலை மேல இருந்து மேகம் எறங்கி ஊரையே மூடிக்கிடும், குத்தாலத்துக்கு வாரவங்களுக்கு அது சுகம், ஆனா எனக்கு மத்தியானம் பதினோரு மணிக்கே பட்டாசல்ல டியூப்லைட் போட்டாத்தான் ஆள் மூஞ்சி தெரியும்.

என் கேமரா நிக்கான் டி5600. அதோட வந்த 18-55 கிட் லென்ஸ நான் குறை சொல்ல மாட்டேன், வெளிச்சத்துல அருமையா எடுக்கும், ஆனா முழுசா ஜூம் பண்ணி 55ல வச்சா எஃப் 5.6க்கு மேல தெறக்காது (எஃப் நம்பர் கொறையக் கொறைய லென்ஸ் பெருசாத் தெறக்கும்). நம்ம பட்டாசல்ல 5.6ல 1/125 ஸ்பீடு வேணும்னா ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தாதப்ப கேமரா படத்த ஏத்திக் காட்டுத அளவு) 6400 வரைக்கும் போயிரும், பிள்ளை கன்னம் பூரா மணல் தூவுன மாதிரி ஆயிரும். எஃப் 1.8 லென்ஸ் 5.6 லென்ஸ விட ஒம்போது பத்து மடங்கு வெளிச்சத்த உள்ள விடுது, அப்போ அதே ரூம்ல அதே ஸ்பீடுல ஐஎஸ்ஓ 640 போதும், 2.2ல வச்சாக்கூட 1000 தான் வரும். கிட் லென்ஸ்ல விஆர் இருக்கே, அது போதாதான்னு நெறையப் பேரு கேக்காங்க. விஆர் நம்ம கை ஆட்டத்தத்தான் தாங்கும், பிள்ளை கை காலு ஆட்டுததை அதால நிறுத்த முடியாது. அதுக்கு ஸ்பீடுதான் வேணும், ஸ்பீடுக்கு வெளிச்சம் வேணும். ரூமுக்குள்ள மூஞ்சி எடுக்கதுக்கு வெளிச்சம் பத்தலங்கிறது போட்டோ கண்டுபிடிச்ச நாள்ல இருந்தே இருக்க பிரச்சனை, 1840ல வியன்னாவுல ஜோசப் பெட்ஸ்வால்னு ஒரு கணக்குப் பேராசிரியர் மூஞ்சி எடுக்கதுக்குன்னே நல்லாத் தெறந்த ஒரு லென்ஸ் கணக்குப் போட்டு உண்டாக்குனாரு, அதுக்கு முன்னாடி நிமிசக் கணக்குல அசையாம உக்காரணும். நம்ம வாங்குத பிரைம் லென்ஸோட (ஜூம் ஆகாத லென்ஸ்) வேலையும் அதேதான்.

சரி, எந்தப் பிரைம்? நான் மொதல்ல வாங்குனது 85 எம்எம் எஃப் 1.8ஜி. ஒரு கடையில போயி வீட்டுக்குள்ள மூஞ்சி எடுக்கணும்னு கேட்டேன், போர்ட்ரெய்ட்னா 85தான் மேடம்னு சொன்னாங்க, எந்தக் கேமரா, எவ்வளவு பெரிய ரூமுன்னு ஒரு வார்த்த கேக்கல. நகைச்சீட்டு முடிஞ்சு வந்த பணம் அது, அதனால இன்னைக்கும் வருத்தம் உண்டு. லென்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல, சத்தியமா அவ்வளவு ஷார்ப்பு, பின்னாடி உருகி ஓடுத மாதிரி வரும். ஆனா ஆரியங்காவு தாண்டி ஒரு வீட்டுல பிள்ளைக்கு இருபத்தெட்டு கெட்டு (பொறந்த இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கெட்டுத சடங்கு), நிலவிளக்கு ஏத்தி வச்சு, அப்பா மடியில பிள்ளைய வச்சிக்கிட்டு இடுப்புல அரைஞாண் கெட்டுதாரு, பக்கத்துல அம்மா, இந்தப் பக்கம் அம்மாச்சி. அந்த ரூம் நீளமே பன்னெண்டு அடிதான். நான் பின்னால போறேன் போறேன், முதுகு சுவத்துல முட்டிருச்சி, ஃபிரேமுக்குள்ள அப்பாவோட தலையும் பிள்ளையோட காலுந்தான் இருக்கு. அம்மாச்சி வேற, "மோளே, எல்லாரும் கிட்டுமோ?"ன்னு (எல்லாரும் படத்துல வருவாங்களான்னு) கேக்காங்க. 85அக் கழத்திட்டு கிட் லென்ஸ மாட்டுததுக்குள்ள கயிறு கெட்டி முடிச்சாச்சி. அந்த நிமிசம் திரும்ப வராது இல்லையா. நல்லவேளையா தேன் தொட்டு வைக்கதையாவது கிட் லென்ஸ்ல எடுத்துக் குடுத்தேன்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து டேப் எடுத்து வச்சு அளந்தேன். இதை நீங்களும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி செய்யணும்னு கெஞ்சிக் கேக்கேன். கணக்கு ரொம்ப லேசு. டி5600 மாதிரி கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேம் சென்சார விட சின்னது) கேமராவ செங்குத்தா பிடிச்சா, நிக்க ஆளைத் தலையில இருந்து கால் வரைக்கும் மேல கீழ கொஞ்சம் எடம் விட்டு எடுக்கதுக்கு 85க்கு இருபத்திநாலு அடி தள்ளி நிக்கணும், 50க்கு பதினாலு அடி, 35க்கு பத்து அடி. நாற்காலியில உக்காந்த ஆளுக்கு 85ன்னா பதினெட்டு அடி, 50ன்னா பத்தரை, 35ன்னா ஏழு ஏழரை. இடுப்புக்கு மேல மட்டும்னா 85க்கு பதினொண்ணு, 50க்கு ஆறு, 35க்கு நாலரை. நம்ம ரூமு பத்துக்குப் பன்னெண்டு, அதுல கட்டில் ஒண்ணு பீரோ ஒண்ணு கெடக்கும், நமக்கு நிக்கதுக்கு நெசமா கிடைக்கது ஏழு எட்டு அடி. அந்த ஏழு எட்டு அடியில 85 வச்சு தலையும் தோளும் மட்டுந்தான் எடுக்க முடியும், அது அழகா வரும்தான், ஆனா நாள் பூரா தலையும் தோளுமே எடுத்துக்கிட்டு இருக்க முடியாது. அதான் 85அ வித்துட்டேன், வித்த பணத்தோட கொஞ்சம் சேத்து 35ம் 50ம் வாங்குனேன்.

இப்போ 35 பத்தி. முழுப்பேரு ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் நிக்கார் 35 எம்எம் எஃப் 1.8ஜி, 2009ல வந்தது, பழைய லென்ஸ்தான், ஆனா கிராப் கேமராவுக்குன்னே செஞ்சது. 200 கிராம் தான் வெயிட்டு, ஃபில்டர் சைஸ் 52, ஒரு அடி வரைக்கும் கிட்ட போயி ஃபோகஸ் பண்ணும். கிராப்ல இது ஃபுல் ஃபிரேம்ல 52 போட்ட மாதிரி ஆயிரும், அதாவது ரொம்ப வைடும் இல்ல ரொம்ப டெலியும் இல்ல. இந்த மூணு வருசத்துல என் கேமராவுல பாதிக்கு மேல இதுதான் மாட்டிக் கெடந்திருக்கு. வளைகாப்புல பொண்ணு நாற்காலியில உக்காந்திருக்கும், சுத்தி ஏழெட்டுப் பொம்பளைக நெருக்கி நிப்பாங்க, சந்தனம் பூசுத கையும் பொண்ணு மூஞ்சியும் ஒரே ஃபிரேமுல வேணும், இதுல வரும். தொட்டில்ல கெடக்க பிள்ளைய மேல இருந்து குனிஞ்சு எடுக்கணும், வரும். அம்மா பால் குடுத்துட்டு பிள்ளையத் தோள்ல போட்டு முதுகத் தட்டுத படம் ஒண்ணு கட்டில் கால்மாட்டுல நின்னு எடுத்தேன், பின்னால கொடியில காயுத பிள்ளைத் துணி லேசா மங்கலாத் தெரியும், அது என்னன்னும் தெரியும். 85ல அந்தத் துணி வெறும் கலராப் போயிருக்கும். ஒரு வீட்டுல எடுக்க படத்துல அந்த வீடு கொஞ்சம் இருக்கணும்னு நெனைக்கவ நான்.

குறை இல்லாம இல்ல. 1.8ல முழுசாத் தெறந்தா வெள்ளி விளக்கு, கண்ணாடி வளையல், வெளிச்சத்துக்கு எதிர்ல முடி, இதோட ஓரத்துல ஊதாவும் பச்சையுமா ஒரு கோடு விழும், 2.8க்கு வந்தா நல்லாவே கொறையும். நேர்க்கோடு லேசா வளையும், கதவு நிலைய ஃபிரேம் ஓரத்துல வச்சா தெரியும், கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம். பின்னாடி எலைக்கூட்டம், சீரியல் பல்பு மாதிரி இருந்தா மங்கல் கொஞ்சம் முரடா இருக்கும், 85 மாதிரி வழுவழுன்னு வராது. எல்லாத்துக்கும் மேல முக்கியமான குறை, இதை லென்ஸ் குறைன்னு சொல்லுதது நியாயமில்ல, நம்ம நிக்க தூரத்தோட குறை. முகத்த மட்டும் நெருக்கி எடுக்கணும்னா 35ல மூணு அடிக்குப் போகணும். அவ்வளவு கிட்ட போனா மூக்கு முன்னால வந்துரும் காது பின்னால ஓடிரும். மூஞ்சி சப்பையாத் தெரியுததும் நீட்டமாத் தெரியுததும் தூரத்தால வாரது, எந்த லென்ஸ மாட்டுனாலும் மூணு அடியில இருந்து பாத்தா அப்பிடித்தான். 35 நம்மள அந்த மூணு அடிக்கு இழுத்துட்டுப் போகுது, அவ்வளவுதான்.

இது எனக்கு உறைச்சது எங்க ஆச்சிய எடுக்கப்ப. ஆச்சிக்கு எம்பத்தெட்டு வயசு, தார்சாவுல சன்னல் பக்கத்துல பிரம்பு நாற்காலியில உக்காந்திருந்தா, காதுல பாம்படம் போட்டு வளத்த தொள காது, இப்போ பாம்படம் இல்ல, காது மட்டும் தொங்கும். அந்தக் காது வேணும் எனக்கு. 35அ மாட்டிட்டு நெருங்கி நெருங்கிப் போனேன், "ஏட்டி, மூஞ்சிக்குள்ளயே வந்து நிக்கியே, எனக்கு எங்க பாக்கன்னே தெரியலைலா"ன்னு சொல்லிட்டா. படத்தப் பாத்தா மூக்கும் நாடியும் பெருசா வந்து அந்தக் காது ரெண்டும் ஒண்ணுமில்லாம பின்னால நிக்குது. 50அ மாட்டுனேன், நாலரை அடிக்கு வந்து பட்டாசல் நிலைப்படியில உக்காந்தேன், ஆச்சியும் கொஞ்ச நேரத்துல என்னைய மறந்துட்டு தெருவப் பாக்க ஆரம்பிச்சிட்டா. 2.2, 1/160, ஐஎஸ்ஓ 800. அந்தப் படத்துல காதோட மடிப்பு ஒவ்வொண்ணும் இருக்கு, நெத்தியில துன்னூறு பொடி பொடியாத் தெரியுது.

அதனால மூஞ்சி மட்டும்னா 50தான், 50 எஃப் 1.8ஜி 2011ல வந்தது, 185 கிராம், ஃபில்டர் 58, கிராப்ல 75 மாதிரி நடந்துக்கிடும். ஃபோகஸ் கொஞ்சம் நிதானமாத்தான் போகும், ஓடுத பிள்ளைக்கு இது சரிப்படாது. ஒண்ணரை அடிக்குக் கிட்ட ஃபோகஸ் ஆகாது, பிள்ளை விரல் க்ளோசப் எடுக்கதுக்கு 35தான் கை குடுக்கும். ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா எதுன்னு கேட்டா, வீட்டு விசேசம் எடுக்கவங்க 35, ஒத்த ஆளை உக்கார வச்சு நிதானமா எடுக்கவங்க 50. 85 விலைக்கு கிட்டத்தட்ட ரெண்டும் வாங்கிரலாம்ங்கிறதையும் மனசுல வச்சுக்கிடுங்க. 1.4 லென்சுக்கு ஆசைப்படுதவங்களுக்கு ஒரு வார்த்த, 1.8 விட ஒண்ணரை மடங்கு சொச்சம் வெளிச்சந்தான் கூடுதல், அந்தப் பணத்துக்கு ரூம்ல வேற என்னெல்லாம் செய்யலாம்னு யோசிங்க.

1.8ன்னு எழுதிருக்குன்னு எப்பவும் 1.8லயே எடுக்கணும்னு இல்ல. 50ல அஞ்சு அடியில 1.8ன்னா ஷார்ப்பா இருக்க ஆழம் ஆறு ஆறரை சென்டிமீட்டர்தான், மூணே கால் அடிக்குப் போனா மூணு சென்டிமீட்டர் கூட இல்ல, ஒரு கண்ணு இருக்கும் இன்னொரு கண்ணு போயிரும். ஒத்த ஆளுன்னா 2.2, அம்மாவும் பிள்ளையும்னா 2.8, மூணு பேருன்னா 4ன்னு நான் வச்சிருக்கேன். கிட்ட இருக்க கண்ணு மேல ஒத்தப் புள்ளி ஃபோகஸ், புள்ளிய நவுத்தி கண்ணுக்குக் கொண்டு போங்க, நடுவுல ஃபோகஸ் பண்ணிட்டு கேமராவத் திருப்புனா இந்த ஆழத்துக்கு அது தப்பிரும். எல்இடி லைட்டுக்குக் கீழ சில வீட்டுல படத்துல பட்டை பட்டையா கோடு விழும், நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு நூறு தடவ மின்னும், ஸ்பீடு 1/100 வச்சா போயிரும்.

ஆனா முடிஞ்சா லைட்டையே அணைக்கச் சொல்லுங்க. சன்னல் வெளிச்சம் ஒரு கலரு டியூப்லைட் ஒரு கலரு, ரெண்டும் சேந்து ஒரு கன்னம் நீலம் ஒரு கன்னம் பச்சைன்னு ஆயிரும், அதை எந்த லென்ஸும் சரி பண்ணாது. நம்ம வீட்டுச் சுவரு வேற கிளிப்பச்சை, ரோஸ் கலருன்னு அடிச்சிருப்பாங்க, அந்தக் கலரு திரும்பி மூஞ்சியில விழும். நான் ரெண்டு வெள்ளை வேட்டி எப்பவும் பையில வச்சிருப்பேன், சன்னல்ல இருந்து மூணு நாலு அடியில ஆளை உக்கார வச்சு, எதிர்ப்பக்கம் கொடியிலயோ பீரோ கதவுலயோ வேட்டியத் தொங்க விட்டா இருட்டுப் பக்கத்துக் கன்னமும் தெரிய ஆரம்பிச்சிரும், சுவத்துக் கலரும் மறைஞ்சிரும். இருபத்தெட்டு கெட்டு வீட்டுல நிலவிளக்க மட்டும் அணைக்கச் சொல்லக்கூடாது, அது மஞ்சளா இருந்தாத்தான் அழகு.

வாங்கும்போது ஏமாறாம இருக்கதுக்கு ரெண்டு மூணு விசயம். டி3000 வரிசை, டி5000 வரிசை கேமராவுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கெடையாது, அதனால பழைய 50 எஃப் 1.8டி லென்ஸ் சல்லிசா கிடைக்குதேன்னு வாங்கிராதீங்க, கையால திருகித்தான் ஃபோகஸ் பண்ணணும், நிக்கான் லென்ஸ்னா பேர்ல ஏஎஃப்-எஸ் இல்லைன்னா ஏஎஃப்-பின்னு இருக்கணும். கடையிலயே சொந்தக் கேமராவுல மாட்டிப் பாருங்க. ஒரு நியூஸ்பேப்பர மேசையில விரிச்சு சாய்வா நின்னு நடு வரியில 1.8ல ஃபோகஸ் பண்ணி எடுத்து பெருசாக்கிப் பாத்தா, அந்த வரிதான் ஷார்ப்பா இருக்கா, முன்ன பின்ன ஓடுதான்னு தெரிஞ்சிரும். டி5600ல அதைச் சரி பண்ணிக்க செட்டிங் கெடையாது, அதனால வேற பீஸ் கேளுங்க, கூச்சப்படாதீங்க. செகண்ட் ஹேண்டுன்னா மொபைல் டார்ச்ச பின்னால இருந்து அடிச்சு கண்ணாடிக்குள்ள பாக்கணும், சிலந்தி வலை மாதிரி வெள்ளையா நூலு நூலாத் தெரிஞ்சா அது ஃபங்கஸ். நான் 50அ மொதல்ல ஒரு எடத்துல பழசா வாங்கி அந்த வலையோடதான் வந்தது, பாக்காமயே வாங்குனது என் அவசரம், ஆனா தெரிஞ்சே வித்தது அவங்க தப்பு. திருப்பி எடுக்கச் சொல்லி ரெண்டு வாரம் நடந்தேன்.

கேனான் வச்சிருக்கவங்களுக்கு கிராப் 1.6, இன்னும் கொஞ்சம் இறுகும், 50 எஃப் 1.8 எஸ்டிஎம் 80 மாதிரி ஆயிரும், விலைக்கு அது தங்கம், ஆனா ரூமு சின்னதுன்னா ஈஎஃப்-எஸ் 24 எஃப் 2.8ம் பக்கத்துல வச்சுக்கிடுங்க. சோனி கிராப்ல 35 எஃப் 1.8லயும் 50 எஃப் 1.8லயும் ஓஎஸ்எஸ் இருக்கு, கை ஆட்டத்துக்கு நல்லது. ஃபுல் ஃபிரேம்னா என் 35 செய்யுத வேலைய அங்க 50 செய்யும், என் 50 செய்யுத வேலைய 85 கிட்டத்தட்டச் செய்யும், கடைக்காரங்க 85 85ன்னு சொல்லுததும் அந்தக் காலத்து ஃபுல் ஃபிரேம் பழக்கத்துல வந்ததுதான்.

சாரல் ஊர்க்காரங்களுக்குக் கடைசியா ஒண்ணு. ஜூன்ல இருந்து லென்ஸ தோல்பையில போட்டு பீரோவுக்குள்ள பூட்டி வைக்காதீங்க, ஃபங்கஸுக்கு அது வெத்தல பாக்கு வச்சு அழைக்கது மாதிரி. காத்துப் புகாத ஒரு டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஈரம் காட்டுத சின்ன மீட்டர் ஒண்ணு, 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும், ஜெல் கலரு மாறுனா வறுத்து எடுத்துப் போடணும். ஏசி கார்ல புனலூர்ல இருந்து வந்து எறங்குன உடனே பையத் தெறக்காதீங்க, லென்ஸ் பூரா ஆவி பிடிச்சிரும், கால் மணி நேரம் பை அப்பிடியே இருக்கட்டும், அதுக்குள்ள அந்த வீட்டு ஆளுங்ககிட்ட பேசி, எந்தச் சன்னல் எப்போ வெளிச்சமா இருக்கும்னு கேட்டு வச்சுக்கிடலாம்.